முற்றத்தில் கழுவப்படும் மோட்டார்: குமரிக் கடற்கரை வீடொன்றில் அவுட்போர்டு சத்தம் குறைக்கப்பட்ட நிகழ்வு

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைக் கிராமம் ஒன்றில், மீன்பிடிக் குடும்பம் ஒன்று கடலிலிருந்து திரும்பியதும், படகின் பின்புறம் வெளியே மாட்டி ஓட்டும் அவுட்போர்டு மோட்டாரைத் தன் வீட்டு முற்றத்தில் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவுவது, அண்டை வீட்டாருடன் நெடுநாள் பிணக்காக வளர்ந்து ஊர்க் கமிட்டி வரை சென்றது. மோட்டாரைக் கழுவாமல் விட முடியாது என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்ததால், சத்தத்தையாவது குறைக்க வழி உண்டா என்று பார்த்துச் சொல்லும்படி, கடல் எஞ்சின் வேலை அறிந்தவன் என்ற முறையில் என்னைக் கேட்டார்கள். அங்கு எவை முன்பே செய்து பார்க்கப்பட்டிருந்தன, சத்தம் உண்மையில் எங்கிருந்து வந்தது, எந்த மாற்றம் பலித்தது, எது பலிக்கவில்லை என்பன இங்கே பதிவு செய்யப்படுகின்றன. ஊரின் பெயரும் குடும்பங்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

மோட்டாரை ஏன் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற கேள்வி உள்நாட்டு வாசகருக்கு எழக்கூடும். நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை சுமார் 70 கிலோமீட்டர் நீளும் இக்கரையில் தேங்காப்பட்டணம், குளச்சல், முட்டம், சின்னமுட்டம் போன்ற சில இடங்களில்தான் துறைமுகம் உண்டு. மற்ற ஊர்களில் வள்ளங்களும் ஃபைபர் படகுகளும் அலை அடிக்கும் திறந்த மணலில்தான் கரையேற வேண்டும். படகை மேலே இழுப்பதற்கு முன் மோட்டாரைக் கழற்றிவிடுவது எடைக்காகவும் பாதுகாப்புக்காகவும் வழக்கமாகிவிட்டது. 9.9 குதிரைத்திறன் மோட்டார் 40 கிலோவை ஒட்டிய எடை கொண்டது. இரண்டு பேர் கம்பில் கட்டித் தோளில் சுமந்து வந்துவிடலாம். படகின் விலைக்கு நிகராகப் பேசப்படும் பொருளை இரவில் மணலில் விட்டு வர யாருக்கும் மனம் வராது. ஆகவே அது வீட்டுக்கு வருகிறது, வந்த கையோடு கழுவப்படுகிறது.

கழுவுவதற்கான காரணம் எளியது. அவுட்போர்டு மோட்டார் தன்னைக் குளிர்விக்கக் கடல் நீரையே உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. எஞ்சின் நின்றபின் அலுமினிய வாய்க்கால்களின் சுவரில் ஒட்டியிருக்கும் நீர்ப்படலம், உலோகத்தின் சூட்டில் விரைவில் காய்ந்து உப்பை விட்டுச் செல்கிறது. அது நாள்தோறும் சேர்ந்து, சூட்டுக்கேற்ப நீர்வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை இறுக்கும், மெல்லிய வழிகளை அடைக்கும், ஈரம் படும்போதெல்லாம் அலுமினியத்தை அரிக்கும். இதைத் தவிர்க்க நல்ல தண்ணீரை அதே வாய்க்கால்கள் வழியே செலுத்த வேண்டும். அந்தத் தண்ணீரை மேலே ஏற்றுவது, மோட்டாரின் காலுக்குள், அதாவது தண்ணீரில் இறங்கி நிற்கும் கீழ்ப்பகுதிக்குள், சுற்றும் இம்பெல்லர் என்ற ரப்பர் இதழ்ச் சக்கரம். அது சுற்ற வேண்டுமானால் எஞ்சின் ஓட வேண்டும். சத்தப் பிரச்சினையின் வேர் இதுதான்.

வீடும் இரண்டு மோட்டார்களும்

வீடு கடலிலிருந்து இரண்டாம் வரிசையில் உள்ளது. முற்றம் என்று அவர்கள் சொல்வது, மேற்கே தங்கள் வீட்டுச் சுவராலும் தெற்கே மதிலாலும் கிழக்கே அண்டை வீட்டின் சுவராலும் அடைபட்டு, வடக்கே தெருவை நோக்கி மட்டும் திறந்திருக்கும் சிமெண்டுத் தளம். தெற்குக் கோடியில் அது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலச் சந்தாகச் சுருங்குகிறது. அண்டை வீட்டின் படுக்கையறைச் சன்னல் அந்தச் சந்தில்தான் திறக்கிறது. மோட்டாரை மாட்டும் இரும்பு ஸ்டாண்டு, வெயில் படாது என்ற காரணத்துக்காக, அந்தச் சந்தின் உட்கோடியில், இரண்டு சுவர்கள் கூடும் மூலையில் வைக்கப்பட்டிருந்தது. சுவரோடு இரண்டு கம்பிகளால் கட்டப்பட்டும் இருந்தது.

குடும்பத்திடம் இரண்டு மோட்டார்கள் இருந்தன. தகப்பனார் பயன்படுத்துவது பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடும், இரண்டு சிலிண்டர் கொண்ட பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார். மகன் பின்னர் வாங்கியது அதே திறனுள்ள, இரண்டு சிலிண்டர் கொண்ட ஃபோர் ஸ்ட்ரோக். இரண்டையும் ஒரே முறையில்தான் கழுவினார்கள்: ஸ்டாண்டில் மாட்டி, காலின் இரு பக்கமும் உள்ள நீர் உறிஞ்சும் சல்லடைகளின் மேல் ரப்பர் கிண்ணங்களைக் கவ்வவிட்டு, மாடித் தொட்டியிலிருந்து வரும் ஓஸ் குழாயைக் கிண்ணத்தில் செருகி, எஞ்சினை ஓட்டுவார்கள். பெரும்பாலான நாட்களில் இது விடியலுக்கு முன் நடக்கும். இரவில் வலை விட்டுத் திரும்புபவர்கள் மீனைக் கரையில் கொடுத்து முடித்ததும் மோட்டாரைக் கழுவிவிட்டுத்தான் படுப்பார்கள்.

அண்டை வீட்டாரின் புகார் சத்தத்தோடு நிற்கவில்லை. புகையும் சன்னல் கண்ணாடியின் நடுக்கமும் அதில் சேர்ந்திருந்தன. இந்த மூன்றையும் ஒரே தொல்லையாகத்தான் அதுவரை எல்லோரும் கருதி வந்தார்கள். மூன்றுக்கும் பிறப்பிடம் வேறு வேறு என்பதை முதலில் பிரித்துப் பார்த்ததால்தான் மேற்கொண்டு எதையும் செய்ய முடிந்தது.

முன்பு செய்து பார்க்கப்பட்டவை

கடற்கரைக்கே கொண்டுபோய்க் கழுவும்படி கமிட்டி முதலில் சொல்லியிருந்தது. அங்கே நல்ல தண்ணீர் இல்லை; குடத்தில் சுமந்து போவது சில நாட்களுக்கு மேல் நடக்கவில்லை. அடுத்து, மோட்டாரின் தலையில் ஈரச் சாக்கைப் போர்த்தினார்கள். மோட்டாருக்குப் போர்வை போர்த்தும் பழக்கம் எந்தக் கரைக்குப் போனாலும் காணக்கூடியது. அதனால் சத்தம் குறைந்ததாகச் சொல்பவர்களும் உண்டு. எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாய், அதன் தலை மூடியின் மேற்பகுதியில்தான் இருக்கிறது. சாக்கு அந்த வாயை அடைத்தால் காற்றுக் குறைந்து எஞ்சின் திணறி வேகம் இறங்குகிறது, சத்தம் குறைந்தது போலத் தோன்றுகிறது. பெட்ரோல் ஆவி வெளியேற வழியின்றித் தேங்குவதால் அது தீ ஆபத்தும் கூட.

மூன்றாவதாகத் தகரத் தட்டி ஒன்று நிறுத்தப்பட்டது. தகரம் தானே அதிர்ந்து புதிய சத்தத்தைச் சேர்த்தது. நான்காவது முயற்சிதான் கவலைக்குரியது. மோட்டார் காலின் பின்புறம், நீர்மட்டத்துக்கு மேலே வரும்படி ஒரு சிறு துளை இருக்கும். மெல்ல ஓடும்போது புகை அதன் வழியாகத்தான் வெளியேறும். அதில் சைக்கிள் ட்யூபை இறுக்கிக் கட்டி, மறுமுனையை ஒரு வாளித் தண்ணீருக்குள் விட்டிருந்தார்கள். புகை போகும் வழியில் இவ்வாறு தடையை உண்டாக்கினால் எஞ்சின் ஐடிலிங்கில், அதாவது பளு இல்லாமல் மெல்ல ஓடும் நிலையில், அணையாமல் ஓடாது. நிறுத்தும்போது தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்படவும் கூடும். நான் பார்க்கும்போது அந்த ட்யூப் சூட்டில் உருகிப் போயிருந்தது; நல்லவேளை.

சத்தம் எங்கிருந்து வருகிறது

கடலில் ஓடும்போது இதே மோட்டாரின் அருகில் இரண்டு பேர் சற்றுக் குரல் உயர்த்திப் பேசிக்கொள்ள முடிகிறது. முற்றத்தில் அதைவிடக் குறைந்த வேகத்தில் ஓடும்போது அது முடிவதில்லை. இந்த முரண்பாட்டைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். மோட்டார்சைக்கிளுக்கு இருப்பது போன்ற தனிச் சைலன்சர் அவுட்போர்டு மோட்டாருக்கு இல்லை. எஞ்சினிலிருந்து வரும் புகை காலுக்குள் இறங்கி, பெரும்பாலான மாடல்களில் புரொப்பெல்லரின் நடுக்குழாய் வழியாகத் தண்ணீருக்குள் வெளியேறுகிறது. கடல்தான் அதன் சைலன்சர். ஸ்டாண்டில் தூக்கி வைத்து ரப்பர் கிண்ணத்தில் தண்ணீர் கொடுக்கும்போது எஞ்சினின் தாகம் தீர்கிறதே தவிர, புரொப்பெல்லரின் நடுத்துளை வெறும் காற்றில் திறந்தபடியே கிடக்கிறது. அதாவது சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறோம். பிறகு தலைக்கு மேல் சாக்கைப் போர்த்துகிறோம்.

இது முதன்மையான மூலம். ஆனால் அந்த முற்றத்தில் இன்னும் நான்கு காரணங்கள் சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்திப் பார்த்து, தெருவிலும் அண்டை வீட்டின் படுக்கையறையிலும் நின்று கேட்டு, அவற்றின் பங்கை மதிப்பிட்டோம்.

அவற்றுள் எதிர்பாராதது ஓஸ். மாடித் தொட்டி முற்றத்திலிருந்து ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரத்தில் இருந்தது. ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் என்ற கணக்கில், அது தரும் அழுத்தம் 0.4 பார் மட்டுமே. அதையும் நீளமான மெல்லிய ஓஸ் ஒன்று தின்றுகொண்டிருந்தது. கிண்ணத்துக்குப் போதிய தண்ணீர் வராததால் இம்பெல்லர் காற்றையும் சேர்த்து உறிஞ்சியது. எஞ்சினின் பக்கவாட்டில் மூத்திரத் தாரை என்று இங்குள்ளவர்கள் சொல்லும் அடையாளத் தண்ணீர் நூல்போல மெலிந்து வந்தது. தாரை மெலிந்தால் எஞ்சின் சூடாகும் என்று அஞ்சி, அது தடிமனாக வரும்வரை தகப்பனார் வேகத்தைக் கூட்டுவார். அண்டை வீட்டார் கேட்டது ஐடிலிங் சத்தத்தையே அல்ல. அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும் எஞ்சினின் சத்தத்தை. தண்ணீர்ப் பற்றாக்குறைதான் சத்தமாக மாறியிருந்தது. பளு இல்லாமல், தண்ணீரும் குறைவாக இருக்க, வேகத்தைக் கூட்டுவது இம்பெல்லருக்கும் கேடு. அந்த ரப்பர் இதழ்களுக்குத் தண்ணீரே மசகு, அது இல்லையென்றால் சில நொடிகளில் அவை தேயத் தொடங்கும்.

அடுத்தது மூலை. தரையில் வைத்த ஒலி மூலத்தின் பின்னால் ஒரு கெட்டிச் சுவர் வந்தால், எதிரொலியும் சேர்ந்து, முன்பக்கத்தில் ஒலி அளவு ஏறத்தாழ 3 டெசிபல் கூடும். இரண்டாவது சுவர் வந்து மூலையானால் மேலும் 3 கூடும். எஞ்சின் சற்றும் மாறாமலே, வைத்த இடத்தால் மட்டும் வந்த சுமை இது. சந்தின் அகலமும் ஒத்துழைத்தது. நிமிடத்துக்கு 900 சுற்றில் ஓடும் இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக்கில் நொடிக்கு 30 வெடிப்புகள் நிகழ்கின்றன. ஆகவே 30 ஹெர்ட்சும் அதன் மடங்குகளான 60, 90, 120 ஹெர்ட்சும் அதன் குரலில் இருக்கும். ஒன்றரை மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே தானாகவே ஓங்கி ஒலிக்கும் அதிர்வெண் 115 ஹெர்ட்சை ஒட்டியது. ஆக எஞ்சின் குரலின் ஒரு பகுதியை அந்தச் சந்தே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

மற்ற இரண்டும் வழக்கமானவை. சுவரோடு கட்டப்பட்ட ஸ்டாண்டு எஞ்சினின் அதிர்வைக் காற்றின் உதவி இல்லாமலே சுவருக்கும் தரைக்கும் கடத்தியது. டூ ஸ்ட்ரோக்கின் தலை மூடி வீட்டில் ஒருபோதும் மாட்டப்படவில்லை; அதன் ரப்பர்ப் பட்டையும் காய்ந்து உதிர்ந்திருந்ததால், கார்புரேட்டர் காற்றை உறிஞ்சும் சீற்றமும் பிஸ்டன்களின் தட்டலும் அப்படியே வெளியே வந்தன.

ஓட்டாமலே கழுவுதல்

சத்தத்தைக் குறைப்பது பற்றி யோசிக்கும் முன், ஓட்டித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டிருக்க வேண்டும். மகனின் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு அந்தத் தேவையே இருக்கவில்லை. இப்போது வரும் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார்கள் பலவற்றில், தோட்ட ஓஸை நேராகத் திருகி மாட்டும் கழுவு இணைப்பு ஒன்று கொடுக்கப்படுகிறது; எஞ்சினை நிறுத்திவைத்தபடியே தண்ணீரைத் திறந்துவிட்டால், அது குளிர்விப்பு வாய்க்கால்கள் வழியே ஓடி வெளியேறும். யமஹாவின் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார்களின் கையேடு, எஞ்சினை அணைத்த நிலையில் இவ்வாறு சுமார் 15 நிமிடம் தண்ணீர் விடும்படி சொல்கிறது. அந்த இணைப்பின் வழியே தண்ணீர் வரும்போது எஞ்சினை ஓட்டலாமா கூடாதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். இணைப்பு இருக்கும் இடமும் மாறும். கையேட்டைப் பார்க்காமல் பக்கத்து வீட்டு மோட்டாரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

மகனின் மோட்டாரில் இந்த இணைப்பு இருந்தது, அதற்கான மூடியும் புத்தம் புதிதாக இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அது திறக்கப்படவே இல்லை. கடையில் யாரும் சொல்லித்தரவில்லை. கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. தகுந்த ஓஸ் முனை ஒன்றை வாங்கி மாட்டியதும், இரண்டில் ஒரு மோட்டாரின் சத்தம் முழுவதுமாக மறைந்தது. இந்த நிகழ்வில் கிடைத்த மிகப் பெரிய குறைப்பு இதுதான். இதற்கு ஆன செலவும் மிகக் குறைவு. ஆனால் மாடித் தொட்டியின் அழுத்தம் இங்கேயும் போதவில்லை. மெல்லிய ஓஸுக்குப் பதில் முக்கால் அங்குல ஓஸைச் சுருள் இல்லாமல் நேராக இழுத்த பிறகுதான், காலின் அடியில் தண்ணீர் தாராளமாகக் கொட்டத் தொடங்கியது.

இம்முறையின் மேல் தகப்பனாருக்கு இருந்த ஐயங்களை நான் புறந்தள்ளவில்லை. அவற்றில் நியாயம் உண்டு. ஓஸ் அழுத்தத்தில் தண்ணீர் ஏறும்போது இம்பெல்லர் உடைந்திருந்தாலும் தாரை வரும். ஆகவே அந்தத் தாரையை வைத்துப் பம்பு நலமாக இருக்கிறது என்று நம்ப முடியாது. அதற்குப் பதிலாக, கரையை நெருங்கும்போது கடலிலேயே தாரையைப் பார்த்துவிடுவது என்று மகன் வழக்கப்படுத்திக்கொண்டார். கார்புரேட்டரில் மிஞ்சும் எரிபொருளை ஓட்டித் தீர்ப்பதும் ஓடாமல் கழுவினால் நடக்காது. நாள்தோறும் கடலுக்குப் போகும் மோட்டாருக்கு அது பெரிய குறையல்ல. மீன்பிடித் தடைக் காலத்தில் நீண்ட நாள் சும்மா வைக்கும் முன் ஒருமுறை ஓட்டித் தீர்த்தால் போதும்.

டிரம்

பழைய டூ ஸ்ட்ரோக்கில் கழுவு இணைப்பு இல்லை. ஸ்டார்ட்டர் கயிற்றைக் கையால் பலமுறை இழுத்தே தண்ணீரை ஏற்றிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். இழுக்கும் கைக்கு வேலையே தவிர, ஏறும் தண்ணீர் ஒன்றுமில்லை, தெர்மோஸ்டாட்டும் திறக்காது. ஆகவே ஓட்டித்தான் ஆக வேண்டும். அப்படியானால் அதன் சைலன்சரை அதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மேல்பகுதி வெட்டப்பட்ட 200 லிட்டர் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. இரும்பு டிரம்மும் கிடைத்தது. அதன் சுவர் அதிர்ந்து ஒலிக்கும் என்பதாலும் துருப்பிடிக்கும் என்பதாலும் வேண்டாம் என்றேன். புரொப்பெல்லருக்கு மேலே பட்டையாக நீண்டிருக்கும் தகட்டை நீர் மூடி, அதற்கு மேலும் ஒரு சாண் அளவு நிற்க வேண்டும். அப்போதுதான் சல்லடைகளும் புகை வாயும் நன்றாக மூழ்கும். பின்புறச் சிறு துளை மட்டும் நீருக்கு வெளியே இருக்க வேண்டும். அதையும் மூழ்கடித்தால் சத்தம் இன்னும் குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஐடிலிங்கில் புகைக்கு வழி இல்லாமல் போகும், நிறுத்தும்போது தண்ணீர் உள்ளே ஏறும் வாய்ப்பும் உண்டு. அந்தக் குறைப்பு வேண்டாம்.

புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, நியூட்ரலில் மட்டுமே ஓட்டுவது என்று முடிவானது. கியர் தவறி விழுந்தால் டிரம்மிலிருக்கும் தண்ணீர் முற்றத்துக்கு வந்துவிடும். அதைவிட, உள்ளே கை விட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் பின்னை எடுத்து நட்டைக் கழற்றுவது தொல்லை என்று முதலில் முணுமுணுத்தாலும், தண்டில் சுற்றியிருக்கும் தூண்டில் நூலைக் கண்டுபிடித்து எடுக்க அதுவே வாய்ப்பானது.

முதல் முறை டிரம்மில் ஓட்டியபோது கிடைத்த வேறுபாட்டை, தெருவில் நின்ற யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. படபடவென்ற வெடிப்பொலி போய்க் குமிழொலியும், பின்புறத் துளையிலிருந்து வரும் ஒரு பொருமலும் மிஞ்சின. தண்ணீர் வேண்டிய அளவு இருந்ததால் தாரை ஐடிலிங்கிலேயே தடிமனாக வந்தது. வேகத்தைக் கூட்டும் பழக்கம் தானாக நின்றது. சத்தத்தில் இதன் பங்கு, தண்ணீர் புகை வாயை மூடியதன் பங்குக்குக் குறைந்ததல்ல என்பது என் கணிப்பு.

டிரம்முக்கு என்று ஒரு தீமை உண்டு, அது பலர் கண்ணில் படுவதில்லை. மோட்டாரின் வாய்க்கால்களிலும் காலிலும் ஒட்டி வரும் கடல் நீரை இரண்டு லிட்டர் என்று கொண்டால், அதில் 70 கிராம் உப்பு இருக்கும். 200 லிட்டர் நல்ல தண்ணீரில் அது கரைந்தால் லிட்டருக்கு 0.35 கிராம். ஒரு முறைக்கு இது பொருட்டல்ல. அதே தண்ணீரில் பத்து முறை கழுவினால் 3.5 கிராம், அதாவது கடல் நீரில் பத்தில் ஒரு பங்கு. அதன்பின் அது கழுவுதலாகாது. டூ ஸ்ட்ரோக்கின் எரியாத எண்ணெயும் மேலே படலமாக மிதக்கும். ஆகவே ஓட்டும்போது மாடித் தொட்டி ஓஸை டிரம்மின் அடிவரை விட்டு, மேலே துளையிட்டு வழியவிடும் ஏற்பாடு செய்யப்பட்டது. முன்பு கிண்ணத்துக்குப் போதாமல் இருந்த அதே தண்ணீர் இதற்குப் போதுமானதாக இருந்தது. வாரம் ஒருமுறை டிரம் முழுவதுமாகக் கவிழ்க்கப்படுகிறது. அந்தத் தண்ணீர் தென்னை மூட்டுக்குப் போகக் கூடாது என்று வீட்டு அம்மா முதல் நாளிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்; எண்ணெய் கலந்த தண்ணீரை மணலில் ஊற்றுவதும் சரியல்ல என்பதால், மேற்படலத்தைப் பழைய துணியால் ஒற்றி எடுத்த பிறகே கொட்டுகிறார்கள்.

ஸ்டாண்டு மூலையை விட்டு முற்றத்தின் வடக்குப் பகுதிக்கு, எந்தச் சுவரையும் தொடாமல், நகர்த்தப்பட்டது. அதன் கால்களுக்கு அடியில் லாரி டயரிலிருந்து வெட்டிய கனமான ரப்பர்த் துண்டுகள் வைக்கப்பட்டன. மோட்டாரைக் கவ்வும் மரப்பலகை வெடித்திருந்ததால் மாற்றப்பட்டது. புகைத் துளை அண்டை வீட்டை நோக்காமல் தெருவின் திறந்த பக்கத்தை நோக்கும்படி டிரம்மும் ஸ்டாண்டும் திருப்பி வைக்கப்பட்டன. புகையைப் பற்றிய புகார் பெரும்பாலும் இந்தத் திருப்பலோடு தீர்ந்தது. தலை மூடிக்குப் புதிய ரப்பர்ப் பட்டை ஒட்டப்பட்டு, மூடி மாட்டிய நிலையிலேயே ஓட்டப்படுகிறது.

சுற்றிலும் செங்கல் சுவர் எழுப்பி மேலே கூரை போட்டு அறையாக்கிவிடலாம் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னதை மட்டும் நான் உறுதியாக எதிர்த்தேன். கார்புரேட்டர் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு சில விழுக்காடு வரை இருக்கும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. அடைத்த அறையில் பத்து நிமிடம் நின்று தாரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் வெளியே வராமலே போகலாம். சத்தத்துக்காக உயிரைப் பணயம் வைக்கும் தீர்வு தீர்வல்ல.

எஞ்சிய நடுக்கம்

இத்தனைக்குப் பிறகும் அண்டை வீட்டுச் சன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. மகன் தன் கைபேசிச் செயலியில் அளந்து, எண் வெகுவாக இறங்கிவிட்டது, இனி என்ன குறை என்று கேட்டார். அவர் காட்டிய எண் பொய்யல்ல, ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி வேறு. சத்தத்தை அளக்கப் பொதுவாகப் பயன்படும் ஏ நிறையிட்ட டெசிபல் அளவு, மனிதக் காதின் இயல்பை ஒட்டித் தாழ்ந்த அதிர்வெண்களைக் கழித்துக் காட்டுகிறது, 31.5 ஹெர்ட்சில் அந்தக் கழிவு 39 டெசிபலுக்கும் மேல், 125 ஹெர்ட்சில் 16 டெசிபல். 30 ஹெர்ட்சில் வீட்டையே நடுக்கும் ஒலி ஒன்று அந்த அளவில் ஏறத்தாழக் காணாமல் போகும். கைபேசி மைக்குகளும் அந்தத் தாழ்வில் நம்பத்தக்கவை அல்ல. சன்னல் அதிர்வதைக் கையால் தொட்டுப் பார்த்ததே இங்கு சரியான அளவீடு.

30 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் 11 மீட்டருக்கும் மேல். இரண்டு மீட்டர் மதிலைச் சுற்றி வளைந்து வர அதற்கு ஒரு தடையுமில்லை. தட்டி, திரை, சாக்கு எதுவும் அதற்குப் பொருட்டல்ல. தொலைவுதான் மருந்து. திறந்த வெளியில் தொலைவை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபல் குறையும். ஆனால் முற்றம் அவ்வளவு பெரிதல்ல. சந்திலிருந்து ஸ்டாண்டை வெளியே கொண்டுவந்ததில் ஏற்கெனவே கிடைத்தது போக, மிஞ்சியதைச் சன்னல் பக்கத்தில்தான் தீர்க்க வேண்டியிருந்தது. சட்டத்தில் கண்ணாடி தளர்ந்திருந்தது. அதற்கு ரப்பர்ப் பட்டை கொடுத்து இறுக்கியதும் கலகலப்பு நின்றது. இச்செலவை மோட்டார் வீட்டார் ஏற்றுக்கொண்டது, பிணக்கைத் தணித்ததில் மேற்சொன்ன எந்தப் பொறியியலுக்கும் குறைந்ததல்ல.

நேரம்

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையான நேரத்தை இரவு எனக் கொண்டு, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் எல்லையாக வைக்கின்றன. எல்லையை 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறினால் புகார் அளிக்கலாம். ஐடிலிங்கில் ஓடும் டூ ஸ்ட்ரோக்கை எப்படி வைத்தாலும் அண்டைச் சன்னலில் 45 டெசிபலுக்குள் கொண்டுவருவது நடவாத காரியம். ஆகவே நேரத்தைத் தள்ளிப்போடலாமா என்ற கேள்வி வந்தது.

வந்தவுடன் கழுவாவிட்டால் உப்பு இறுகிப் பிறகு போகாது என்பது கரையில் பரவலான நம்பிக்கை. அது பாதி மெய். சமையல் உப்பு தண்ணீரில் லிட்டருக்கு 350 கிராமுக்கும் மேல் கரையக்கூடியது; காய்ந்து போனாலும் போதிய நேரம் நல்ல தண்ணீர் ஓடினால் கரைந்து வெளியேறும். கரையாமல் நிற்பது நாட்பட்டுப் படியும் சுண்ணப் படிவமும் அரிப்பின் கழிவும்தான்; அவை இரண்டு மூன்று மணி நேரத் தாமதத்தால் உண்டாவதில்லை, கழுவாமலே விடும் நாட்களால் உண்டாகின்றன. எனவே நான்கு மணிக்குக் கரையேறினாலும் மோட்டாரை நிமிர்ந்த நிலையில் ஸ்டாண்டில் மாட்டி, உள்ளே நிற்கும் நீர் வடிய விட்டு, ஆறு மணிக்குப் பிறகு ஓட்டுவதில் தொழில்நுட்பக் குறை ஏதும் இல்லை என்று சொன்னேன்.

ஓட்டும் நேரத்தைச் சுருக்குவதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. சில மணி நேரம் ஆறிய எஞ்சினில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்; அது 50 டிகிரி செல்சியசை ஒட்டித் திறந்த பிறகுதான் சிலிண்டர் தலையைச் சுற்றியுள்ள வாய்க்கால்களில் தண்ணீர் முழுமையாக ஓடும். இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தினால் காலும் தாரையும் கழுவப்படும், உப்பு அதிகம் காயும் இடம் கழுவப்படாது. தாரையில் வரும் தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்த பிறகு மேலும் ஐந்து நிமிடம் என்று அளவு வைத்துக்கொள்ளப்பட்டது.

தகப்பனாருக்கு இதில் தூக்கம் கெடுகிறது என்ற மனக்குறை உண்டு. கடலில் இருந்து வந்தவர் ஆறு மணி வரை விழித்திருக்க வேண்டும், அல்லது உறங்கி எழ வேண்டும். இப்போது பெரும்பாலும் வீட்டு அம்மாவும் இளைய மகனும் ஆறு மணிக்கு மேல் டிரம்மில் ஓட்டிக் கழுவி முடிக்கிறார்கள். அதே தெருவில் மோட்டார் வைத்திருக்கும் மற்ற வீடுகள் இன்னும் ரப்பர்க் கிண்ணத்தோடுதான் ஓட்டுகின்றன. ஊர்ப் பொதுக் கிணற்றடியில் வழிந்தோடும் வசதியோடு இரண்டு பெரிய சிமெண்டுத் தொட்டிகள் கட்டுவது பற்றிக் கமிட்டி பேசி வருகிறது; பல மோட்டார்கள் ஒரே தொட்டியில் கழுவப்பட்டால் தண்ணீர் ஒரே காலைப் பொழுதில் உப்பேறிவிடும் என்பதால், தொட்டியின் அளவைவிட ஊற்றும் தண்ணீரின் அளவை முதலில் முடிவு செய்யும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.